நாணயம் மறுபுறம் விழுந்திருந்தால்

1984ஆம் ஆண்டு யூன் மாதம் 19ஆம் நாள், நியூ யோர்க் மாநகரில், மடிசன் ஸ்குவெயர் கார்டன் என்னும் பெரும் விளையாட்டரங்கைச் சார்ந்த மண்டபம் ஒன்றிலே, அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் ஆணையாளர் டேவிட் ஸ்டேர்ன் மேடையேறி, இளைஞர் சிலரின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார். முதலாவது பெயர் அக்கீம் ஒலாஜுவன். இரண்டாவது பெயர் சாம் போவி. மூன்றாவது பெயர் மைக்கல் ஜோர்டன்.

மூன்றாவதாக வாசிக்கப்பட்ட பெயரைக் கூடைப்பந்தைக் கையாற் தொட்டறியாதவரும் பின்னாளில் அறிந்தனர். இரண்டாவது பெயருக்கோ வேறுவகையான புகழ் வாய்த்தது. கையிற் கிடைத்த மாணிக்கத்தை விட்டுக் கண்ணாடித் துண்டைப் பொறுக்கியவன் கதையை அமெரிக்கர் சொல்ல விரும்பினால், ஜோர்டன் இருக்கப் போவியைத் தெரிந்த போர்ட்லண்ட் கழகத்தையே எடுத்துக்காட்டுவர். நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த வழக்கு முடியவில்லை. போர்ட்லண்ட் ஜோர்டனைத் தெரிந்திருந்தால் யாது நேர்ந்திருக்கும்? அன்றிருந்தோருக்கு இது எவ்வாறு தெரியாமற் போயிற்று? இவ்விரு வினாக்களும் ஒரே மூச்சிற் கேட்கப்படுகின்றன. ஆயினும் இரண்டும் வெவ்வேறானவை. இரண்டாவது வினாவுக்கு விடை உண்டு. முதலாவதற்கோ, சிறிது தூரம் வரைதான் விடை உண்டு.

இத்தெரிவு முறையை முதலில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். எம்மவர் நாட்டில் ஒரு விளையாட்டு வீரர் தாம் விரும்பிய கழகத்திற் சேர்வார். கழகமும் தான் விரும்பியவரை அழைக்கும். அமெரிக்காவின் தொழில்முறை ஆட்டங்களில் அவ்வாறன்று. பல்கலைக்கழகங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளிவரும் ஆட்டக்காரரைக் கழகங்கள் முறை வைத்துத் தெரிந்தெடுக்கும். சென்ற பருவத்தில் மிகுதியாகத் தோற்ற கழகத்துக்கு முதல் முறை. வென்ற கழகத்துக்குக் கடைசி முறை. செல்வமுள்ள கழகங்களே நல்லோர் அனைவரையும் வாரிக்கொள்ளாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. இதனை அவர்கள் டிராஃப்ட் என்பர். கழகத்தால் தெரியப்பட்ட இளைஞர் அக்கழகத்துடனேயே பேசி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.

இதில் இரண்டு நுட்பங்கள் உள. ஒன்று, தெரிவுரிமை என்பது காணியுறுதி போலக் கைமாறக்கூடியது. ஒரு கழகம் தனக்கு இன்று வேண்டிய ஆட்டக்காரர் ஒருவரைப் பெறுவதற்காக, மூன்று ஆண்டுகளுக்கோ ஆறு ஆண்டுகளுக்கோ அப்பால் வரவிருக்கும் தன் தெரிவுரிமையை மற்றொரு கழகத்துக்குக் கொடுத்துவிடலாம். விளையாத வயலின் நெல்லை விற்பது போன்றது அது. மற்றையது நாணயம். சங்கம் கிழக்கு மேற்கு என இரு பிரிவாக இருந்தமையால், ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக வந்த கழகங்கள் இரண்டுக்குமிடையே நாணயம் சுழற்றி, முதல் தெரிவு யாருக்கு என்பதை அக்காலத்தில் தீர்மானித்தனர். துடுப்பாட்டம் பார்க்கும் நேயர்களுக்கு நாணயச் சுழற்சி புதிதன்று. அங்கே நாணயத்தின் பயன் ஆட்டம் முடிவதோடு முடிந்துவிடும். இங்கே அது பதினைந்து ஆண்டுகள் வரை நீடிக்கும்.

1984இல் மேற்குப் பிரிவில் ஹியூஸ்டன் கழகம் 82 ஆட்டங்களில் 29ஐ மாத்திரம் வென்று கடைசியில் நின்றது. கிழக்குப் பிரிவில் 26 ஆட்டங்களை வென்ற இந்தியானா கழகம் கடைசி. ஆகவே நாணயம் சுழல வேண்டியது ஹியூஸ்டனுக்கும் இந்தியானாவுக்கும் இடையில். ஆனால் இந்தியானாவின் இடத்தில் வந்து நின்றது, அதே பருவத்தில் 48 ஆட்டங்களை வென்ற போர்ட்லண்ட் கழகம்! காரணம், 1981ஆம் ஆண்டில் இந்தியானா டொம் ஓவன்ஸ் என்னும் மைய ஆட்டக்காரரைப் போர்ட்லண்டிடமிருந்து பெற்று, அதற்கு ஈடாக 1984ஆம் ஆண்டின் தன் முதற் சுற்றுத் தெரிவுரிமையைக் கொடுத்திருந்தது. முப்பது வயதைக் கடந்திருந்த ஓவன்ஸ் இந்தியானாவில் ஒரே ஒரு பருவம் ஆடினார். அந்த ஒரு பருவத்தின் விலை என்ன என்பது மூன்று ஆண்டுகளின் பின்னரே தெரியவந்தது.

நாணயம் ஹியூஸ்டனுக்குச் சார்பாக விழுந்தது. ஹியூஸ்டன் ஒலாஜுவனைத் தெரிந்தது. இந்தத் தெரிவைப் பற்றி இன்றுவரை எவரும் குறை கூறவில்லை. நைஜீரியாவின் லாகோஸ் நகரிற் பிறந்து, உதைபந்தாட்டத்தில் கோல் காத்து, கைப்பந்தாட்டம் ஆடி, பதினைந்து வயதளவிலே முதன்முறையாகக் கூடைப்பந்தைக் கையிலெடுத்தவர் அவர். 1980இல் ஹியூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1984க்குள் நாட்டின் தலைசிறந்த பெருவளர்த்தி ஆட்டக்காரராகிவிட்டார். பின்னாளில் தம் பெயரை ஹக்கீம் என்றே எழுதலானார். ஜோர்டன் ஆறு முறை வாகை சூடியவர் என்று தெரிந்துகொண்டு இன்று திரும்பிப் பார்ப்பவர்களுங்கூட, ஹியூஸ்டன் பிழை செய்தது என்று சொல்வதில்லை. ஜோர்டனை விட்டவர்கள் இருவர், பழி ஒருவருக்கே.

அடுத்தது போர்ட்லண்டின் முறை. அக்கழகத்தில் ஆட்டக்காரரைத் தெரியும் பொறுப்பு ஸ்டூ இன்மன் என்பவரிடம் இருந்தது. ஆட்டம் அறியாதவர் அல்லர். 1977இல் போர்ட்லண்ட் பெற்ற ஒரே வாகைக்குரிய குழுவை உருவாக்கியவர்களுள் அவர் முதன்மையானவர். அந்த வாகையை ஈட்டிக் கொடுத்தவர் பில் வோல்ட்டன் என்னும் மைய ஆட்டக்காரர். வோல்ட்டனின் பாதம் முறிந்தது; 1979இல் அவர் கழகத்தை விட்டுச் சென்றார்; அதன்பின் அந்த இடம் நிரம்பவேயில்லை. கூடைக்கு அருகே நின்று பந்தைக் காப்பவரும் கவர்பவருமான நெடியவர் ஒருவர் இன்றிக் கிண்ணம் வெல்ல முடியாது என்பது அக்காலத்தின் பொதுக் கொள்கை. அது வெறும் மூடநம்பிக்கையுமன்று. றஸல், சம்பர்லன், அப்துல் ஜபார், மோசஸ் மலோன் என்று வாகை சூடிய மைய ஆட்டக்காரரின் வரிசை அதற்குச் சான்றாக நின்றது.

அதேவேளையில், ஜோர்டன் ஆடும் இடத்தில் போர்ட்லண்டுக்கு ஆட்பஞ்சம் இருக்கவில்லை. ஜிம் பாக்ஸன் சங்கத்தின் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவராக மதிக்கப்பட்டிருந்தார். அவருக்குப் பின்னால், 1983இல் பதினான்காவது தெரிவாக எடுக்கப்பட்ட கிளைட் டிரெக்ஸ்லர் முதற் பருவத்தைப் பெரும்பாலும் மாற்றாட்டக்காரராகக் கழித்துவிட்டுத் தம் முறைக்குக் காத்திருந்தார். வீட்டில் இரண்டு கத்தி இருக்க, மூன்றாவது கத்தி வாங்குவதா, இல்லாத அம்மியை வாங்குவதா என்பதே இன்மன் முன்னிருந்த வினா.

சாம் போவியோ 7 அடி 1 அங்குல உயரம். ஓடவும் பந்தைப் பகிரவும் தெரிந்தவர். 1980ஆம் ஆண்டு அமெரிக்க ஒலிம்பிக் குழுவுக்குத் தெரிவாகி, மொஸ்கோ விழாவை அமெரிக்கா புறக்கணித்தமையால் ஆடாமல் நின்றவர். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் ஆடுகையில் இடது கணைக்காலெலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு ஏற்பட்டு, இரண்டு பருவங்கள் முழுவதையும் இழந்தார். 1983-84 பருவத்தில் மீண்டு வந்தார். அவருடைய குழு நாட்டின் கடைசி நான்கு குழுக்களுள் ஒன்றாகத் தேறியது. ஐயம் இருந்தது அந்தக் கால் ஒன்றிலேதான். அதனை இன்மன் கவனியாமல் விட்டார் என்பது தவறு. போர்ட்லண்டின் வைத்தியர்கள் போவியை ஏறக்குறைய ஏழு மணி நேரம் பரிசோதித்தனர். சிறு சுத்தியலால் கணைக்காலைத் தட்டித் தட்டி, நோகின்றதா என்று கேட்டனர். நோகவில்லை என்றார் போவி. உள்ளே நொந்துகொண்டுதான் இருந்தது என்பதை 2012இல், தம்மைப் பற்றிய தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றிலே அவரே கூறினார். அன்பிற்குரியவர்கள் வறுமையில் இருக்கையில் எவரும் செய்திருக்கக்கூடியதையே தாம் செய்ததாக அவர் நியாயங் கூறினார். நோவைச் சொல்லியிருந்தால் தெரிவு மாறியிருக்குமா? மாறியிருக்கலாம். இந்த வழக்கிலே எழுப்பக்கூடிய வினாக்களுள் மிகவும் உயிருள்ளது இதுவே எனலாம். மற்றவையெல்லாம் கழகங்களின் கணக்கு. இது, ஒரு மேசையின் மேல் படுத்துக்கிடந்த இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர் ஒரு நொடியிற் கூறிய விடை.

ஜோர்டனின் திறமையை எவருமே அறியவில்லை என்று கொள்வதும் பிழை. 1982இல், முதலாண்டு மாணவராக, பல்கலைக்கழக இறுதியாட்டத்தில் வெற்றியைத் தந்த பந்தை எறிந்தவர் அவர். 1984இல் நாட்டின் சிறந்த மாணவ ஆட்டக்காரராகத் தெரிவானவர். அவ்வாண்டு ஒலிம்பிக் குழுவின் பயிற்றுநராக விளங்கிய பொப் நைட், ஜோர்டனையே எடுக்கும்படி இன்மனிடம் வற்புறுத்தினாராம். எங்களுக்கு வேண்டியது மைய ஆட்டக்காரர் என்றாராம் இன்மன். அப்படியாயின் ஜோர்டனை மையத்தில் ஆடவிடுங்கள் என்றாராம் நைட். கூடைப்பந்தாட்ட உலகில் வழங்கும் கதை இது. சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையாகவும் இருக்கலாம்.

ஜோர்டனைப் பெற்ற சிக்காகோ கழகமுங்கூட அன்று துள்ளிக் குதிக்கவில்லை. அக்கழகத்தின் முகாமையாளர் றொட் தோர்ன், இவர் ஏழடி உயரமாயிருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்ற கருத்துப்படப் பேசி, இவர் ஒருவரே கழகத்தின் தலைவிதியை மாற்றிவிடுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று செய்தியாளரை எச்சரித்தார். மறு ஆண்டு அவர் பதவியிழந்தார். ஜோர்டனைத் தெரிந்தவர் என்ற பெருமை பிற்காலத்தில் அவரை வந்தடைந்ததேயன்றி, அன்று அவர் தலையைக் காக்கவில்லை.

இனி எலும்புகளின் கதை. போவி முதற் பருவத்தில் 76 ஆட்டங்கள் ஆடினார். சிறந்த புதுமுக ஆட்டக்காரர் குழுவில் இடமும் பெற்றார். அந்த ஓராண்டளவில் இன்மனின் கணக்குப் பிழையாகத் தோன்றவில்லை. இரண்டாம் பருவத்தில் கால் முறிந்தது; 38 ஆட்டங்கள். மூன்றாவதில் 5. நான்காவதில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் 20. ஐந்து ஆண்டுகளில் மொத்தம் 139 ஆட்டங்கள். ஜோர்டனுக்கோ முதற் பருவத்திலேயே ஆட்டமொன்றுக்குச் சராசரி 28 புள்ளிகள், ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது. ஆனால், அவர் தம் இரண்டாம் பருவத்தின் மூன்றாவது ஆட்டத்தில் இடது பாத எலும்பை முறித்துக்கொண்டதையும், அந்தப் பருவத்தில் 18 ஆட்டங்களே ஆடியதையும் வழக்குரைப்போர் எளிதில் மறந்துவிடுகின்றனர். இருவருக்கும் ஒரே பருவத்தில் கால் முறிந்தது. ஜோர்டனின் எலும்பு பொருந்தியது. அவர் 1986 ஏப்ரிலில் பொஸ்டன் கழகத்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 63 புள்ளிகள் எடுத்தார். போவியின் எலும்பு மறுபடியும் மறுபடியும் வெடித்தது. எந்த எலும்பு பொருந்தும் என்பதை 1984இல் எந்த வைத்தியர் சொல்லியிருக்க முடியும்?

இப்போது நாணயத்தை மறுபுறமாக விழவைத்துப் பார்க்கலாம். முதல் முறை போர்ட்லண்டுக்கு. அது ஒலாஜுவனைத் தெரிந்திருக்கும், இதில் ஐயமேயில்லை. அவரைப் பெறும் ஆவலினால், பல்கலைக்கழகத்தை விட்டு நீங்குமுன்னரே அவருடனும் பட்றிக் யூயிங்குடனும் தொடர்பு கொண்டதற்காகப் போர்ட்லண்ட் கழகம் சங்கத்துக்கு இரண்டரை இலட்சம் டொலர் தண்டம் இறுக்கியது. ஆகவே ஒலாஜுவன், தம் பல்கலைக்கழகத் தோழர் டிரெக்ஸ்லருடன் போர்ட்லண்டில் ஆடியிருப்பார். ஹியூஸ்டனிடம் முந்திய ஆண்டிலேயே றால்ஃப் சாம்சன் என்னும் 7 அடி 4 அங்குல மைய ஆட்டக்காரர் இருந்தார். அதற்கு மற்றொரு நெடியவர் தேவையில்லை, ஜோர்டனே தேவை. அங்ஙனமாயின் போவி சிக்காகோவுக்குப் போயிருக்கலாம். ஜோர்டனைத் தவறவிட்ட பாவி என்ற பட்டம் எவருக்குமே கிடைத்திராது. போவியின் கால் அப்போதும் முறிந்திருக்கும். ஆனால் அவர் நோயுற்ற ஆட்டக்காரர் பலருள் ஒருவராக அமைதியாக மறக்கப்பட்டிருப்பார்.

ஒலாஜுவன் தம் வாழ்க்கைக் கதையில் இன்னுமொரு செய்தியைக் குறிப்பிடுகிறார். சாம்சனைப் போர்ட்லண்டுக்குக் கொடுத்து, டிரெக்ஸ்லரையும் இரண்டாவது தெரிவுரிமையையும் பெறும் பேச்சு ஹியூஸ்டனில் அடிபட்டதாம். அது நிறைவேறியிருந்தால் ஒலாஜுவன், ஜோர்டன், டிரெக்ஸ்லர் மூவரும் ஒரே கழகத்தில்! இரசிகர்கள் இந்தக் கற்பனையை விட்டுவிட விரும்புவதில்லை.

ஆயினும் இவையெல்லாம் யூன் 19ஆம் நாளையே சுற்றிச் சுற்றி வருவன. வழக்கின் வேர் அதற்கு முன்னரே ஓடிவிட்டது. டொம் ஓவன்ஸைப் பெறுவதற்காக இந்தியானா தன் உரிமையைக் கொடாதிருந்தால்? நாணயத்தில் இந்தியானாவும் ஹியூஸ்டனும் நின்றிருக்கும். நாணயம் விழுந்தபடியே விழுந்ததாக வைத்துக்கொண்டால், இரண்டாவது தெரிவு இந்தியானாவுக்கு. இந்தியானாவிடம் 1983இல் இரண்டாவது தெரிவாக எடுத்த ஸ்டீவ் ஸ்டிப்பனோவிச் என்ற மைய ஆட்டக்காரர் ஏற்கெனவே இருந்தார். அந்த 1983ஆம் ஆண்டிலும் நாணயத்தில் ஹியூஸ்டனிடமே தோற்றது இந்தியானா. சாம்சன் போய், ஸ்டிப்பனோவிச் வந்தது அதனாலேதான். மைய ஆட்டக்காரர் இருந்தமையால் அக்கழகம் ஜோர்டனைத் தெரிந்திருப்பதற்கு நியாயம் மிகுதி. எனவே ஜோர்டனை உண்மையில் இழந்தது போர்ட்லண்டா, இந்தியானாவா? இந்தியானாவின் பெயரை எவரும் இந்த வழக்கில் எடுப்பதில்லை. அது செய்த பிழை மேடையிலே, ஒளிவிளக்கின் கீழே நிகழவில்லை. கோடை நாளொன்றிலே, செய்தித்தாளின் உட்பக்கத்தில் நாலு வரியில் முடிந்துபோன பேரம் அது.

அந்த ஆண்டின் தெரிவுப் பட்டியலில் இத்தகைய நாலு வரிச் செய்திகள் இன்னும் உள. நான்காவது தெரிவு இயல்பாகக் கிளீவ்லண்ட் கழகத்துக்கு உரியது. 1980இல் மைக் பிராட்ஸ் என்பவருக்கு ஈடாக அது டலஸ் கழகத்துக்குப் போய்விட்டது. பிராட்ஸ் கிளீவ்லண்டில் ஆடியதும் ஒரே பருவம். அக்கழகத்தின் அந்நாளைய உரிமையாளர் ஸ்டெப்பியன், வருங்கால உரிமைகளைக் கண்டபடி விற்றுத் தள்ளியமையால், முதற் சுற்றுத் தெரிவுரிமையை அடுத்தடுத்த ஆண்டுகளில் கைமாற்றலாகாது என்று சங்கம் விதியே செய்ய நேர்ந்தது. ஐந்தாவது தெரிவு, அப்போது சன் டியேகோவிலிருந்த கிளிப்பர்ஸ் கழகத்தினது. அதனை 1978இலேயே, ஆறு ஆண்டுகளுக்கு முன், லொயிட் ஃப்ரீ என்ற ஆட்டக்காரருக்காகப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்திருந்தனர். ஃப்ரீ வெறுங்கை அல்லர். இரண்டு பருவங்கள் மழை பொழிவது போலப் புள்ளிகள் பொழிந்தார். ஆனால், அந்த உரிமையைக் கொண்டு, 1983இல் வாகை சூடிய பிலடெல்பியா அடுத்த ஆண்டே சாள்ஸ் பார்க்லியை இலேசாகப் பெற்றுக்கொண்டது. நலிந்தோருக்கு வலிமை சேர்ப்பதற்கென்று ஏற்பட்ட முறையில், இரண்டாவது, நான்காவது, ஐந்தாவது இடங்கள் மூன்றும், வென்றுகொண்டிருந்த கழகங்களின் கைக்கே போய்ச் சேர்ந்தன.

இன்னும் பின்னே போகலாம். 1979இல் நாணயம் சுழன்றது சிக்காகோவுக்கும் லொஸ் ஏஞ்சலிசுக்கும் இடையில். சிக்காகோ தலை என்றது, விழுந்தது பூ. லொஸ் ஏஞ்சலிஸ், மஜிக் ஜோன்சனைத் தெரிந்து, அடுத்த பத்தாண்டுகளில் ஐந்து வாகைகளைப் பெற்றது. அன்று தலை விழுந்திருந்தால் மஜிக் ஜோன்சன் சிக்காகோவில் ஆடியிருப்பார். மஜிக் ஜோன்சன் ஆடும் கழகம் 1984இல் 27 ஆட்டங்களை மட்டும் வென்று மூன்றாவது தெரிவுக்கு இறங்கி வந்திராது. ஜோர்டனும் சிக்காகோவுக்கு வந்திரார். சிக்காகோ தன் வாழ்நாளின் பெரும் பேற்றைப் பெற்றது 1984இல் செய்த நல்ல தெரிவினாலா, 1979இல் அடைந்த தோல்வியினாலா என்று கேட்டால் விடை சொல்லுதல் எளிதன்று.

போர்ட்லண்ட் ஜோர்டனைத் தெரிந்திருந்தால் என்ற முதல் வினாவுக்கு இனி வரலாம். முதலாண்டில் என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சிறிது ஊகிக்கலாம். பாக்ஸன், டிரெக்ஸ்லர், ஜோர்டன் மூவரும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குப் போட்டியிட்டிருப்பர், ஒருவர் விற்கப்பட்டிருப்பார். அவர் டிரெக்ஸ்லராகவும் இருந்திருக்கலாம். அதற்கப்பால் பனிமூட்டம். சிக்காகோவில் ஜோர்டன் ஆறு பருவங்கள் வாகையின்றியே ஆடினார் என்பதை மறக்கலாகாது. 1987இல் ஆர்க்கன்சோ மாநிலத்துச் சிறு கல்லூரியொன்றிலிருந்து வந்த ஸ்கொட்டி பிப்பனை, அவரைத் தெரிந்த சியாட்டில் கழகத்திடமிருந்து அன்றைய நாளே சிக்காகோ மாற்றிப் பெற்றது. 1989இல் பில் ஜக்சன் பயிற்றுநரானார். அதன் பின்னரே 1991 முதல் 1993 வரையும், 1996 முதல் 1998 வரையும் ஆறு கிண்ணங்கள் வந்தன. ஜோர்டனைப் போர்ட்லண்டுக்கு மனத்தால் தூக்கிச் செல்வோர், பிப்பனையும் ஜக்சனையும் கூடவே தூக்கிச் செல்கின்றனரா? அவர்களை விட்டுச் செல்வாராயின், ஆறு என்ற எண்ணையும் விட்டுச் செல்ல வேண்டும்.

ஜோர்டன் பெயரால் சப்பாத்து விற்று உலகை வளைத்த நைக்கி நிறுவனத்தின் தலைமையகம், போர்ட்லண்ட் நகரை அடுத்த பீவர்ட்டனிலேயே இருக்கின்றது. அவர் உள்ளூர் ஆட்டக்காரராயிருந்திருந்தால் அந்தச் சப்பாத்து அவ்வளவு தூரம் போயிருக்குமா, உள்ளூர்ப் பொருளாகவே நின்றிருக்குமா என்பதும் ஒரு வேடிக்கையான கேள்விதான்.

ஒலாஜுவன் பக்கமும் ஒரு கணக்குண்டு. அவர் ஹியூஸ்டனுக்கு வாகை ஈட்டியது 1994இலும் 1995இலும். 1993 ஒக்டோபரில் ஜோர்டன் ஆட்டத்தை விட்டு விலகி, 1995 மார்ச்சில் மீண்டார். ஜோர்டன் விலகாதிருந்தால் அந்தக் கிண்ணங்கள் யாருக்கு என்று சிக்காகோ இரசிகர் கேட்பர். விலகியவருக்குக் கிண்ணம் எப்படி என்று ஹியூஸ்டன் இரசிகர் திருப்பிக் கேட்பர். 1995ஆம் ஆண்டு வாகையில் ஒலாஜுவனுக்குத் தோள்கொடுத்தவர் யாரெனில், அவ்வாண்டு பெப்ருவரியில் போர்ட்லண்டிலிருந்து மாற்றிப் பெறப்பட்ட கிளைட் டிரெக்ஸ்லர். 1984இல் நாணயம் மறுபுறம் விழுந்திருந்தால் போர்ட்லண்டிற் சேர்ந்திருக்க வேண்டிய இருவர், பதினொரு ஆண்டு கழித்து ஹியூஸ்டனிற் சேர்ந்து கிண்ணத்தை ஏந்தினர்.

அன்றைய தெரிவு பத்துச் சுற்றுகளாக நடந்தது, 228 பெயர்கள். பதினாறாவதாக யூட்டா கழகம் எடுத்தவர் ஜோன் ஸ்டொக்டன். தோழர் புள்ளியெடுக்கப் பந்து கொடுப்பதில் 15,806 என்ற பெருந்தொகையை எட்டிவிட்டே அவர் ஓய்ந்தார். போர்ட்லண்டைப் பழிப்போர், ஸ்டொக்டனைத் தாண்டிச் சென்ற தெரிவுகள் பதினைந்து என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. பத்தாவது சுற்றில் சிக்காகோ கழகம் ஓட்டவீரர் கார்ல் லூயிஸின் பெயரையும் பகிடிபோல் எடுத்து வைத்தது. சில வாரங்களில் அவர் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் நான்கு பொற்பதக்கங்களைப் பெற்றார்.

நாணயத்துக்கும் அது கடைசி ஆண்டாயிற்று. முதல் தெரிவைப் பெறுவதற்காக ஹியூஸ்டன் வேண்டுமென்றே தோற்றது என்ற ஐயம் பரவியமையால், 1985இல் குலுக்கல் முறை வந்தது. ஏழு கழகங்களின் பெயர்கள் உறைகளில் இடப்பட்டன. ஜோர்டன் நான்காம் ஆண்டும் பல்கலைக்கழகத்திலிருந்து பட்டம் பெற்றே வெளிவருவதென்று முடிவு செய்திருந்தால், அவர் பெயரும் யூயிங் பெயரோடு அந்த ஆண்டே வந்திருக்கும். குலுக்கலில் வென்ற நியூ யோர்க் அவ்விருவரில் யாரை எடுத்திருக்கும்? அக்காலக் கொள்கைப்படி, நெடியவரான யூயிங்கையே!

போர்ட்லண்ட் அழிந்து போகவுமில்லை. 1989இல் போவியை ஒரு தெரிவுரிமையோடு நியூ ஜேர்சிக்குக் கொடுத்து, பக் வில்லியம்ஸ் என்னும் உழைப்பாளியான ஆட்டக்காரரைப் பெற்றது. மறு ஆண்டே இறுதிப் போட்டிக்கு வந்தது. 1992இல் மறுபடியும் வந்தது. எதிரே நின்றது சிக்காகோ. யூன் 3ஆம் நாள் முதலாட்டத்தின் முற்பாதியில் ஜோர்டன் ஆறு முறை மூன்று புள்ளித் தூரத்திலிருந்து பந்தைக் கூடைக்குள் இட்டு, 35 புள்ளிகள் பெற்றார். தமக்கே விளங்கவில்லை என்பது போல் இரு தோள்களையும் குலுக்கிக் காட்டினார். போர்ட்லண்ட் மக்கள் அதை என்ன மனத்தோடு பார்த்திருப்பர் என்று விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஸ்டூ இன்மன் 2007இல் காலமானார். 1977ஆம் ஆண்டு வாகையைச் சொல்பவர்கள், 1984ஆம் ஆண்டையும் சேர்த்தே சொன்னார்கள். சாம் போவி, நியூ ஜேர்சியிலும் லொஸ் ஏஞ்சலிசிலும் ஆடி, மொத்தம் 511 ஆட்டங்களில் சராசரி பதினொரு புள்ளியளவில் எடுத்து, 1995இல் ஓய்வு பெற்றார். பத்துப் பருவங்கள் அவ்வாறு நின்று பிடித்தவர்கள் அன்று வாசிக்கப்பட்ட 228 பேரிற் சிலரே. பின்னர் அவர் கென்டக்கிக்குத் திரும்பி, லெக்சிங்டன் நகரில், வண்டி பூட்டி ஓடும் பந்தயக் குதிரைகளை வளர்ப்பதில் ஈடுபட்டார்.